ஐந்து யூனிட், ஒரே காத்திருப்பு

மைக்ரோப்ராசசர் லேபில் ஒரு கிட்டுக்கு இரண்டு பேர். ஒருவன் நோட்டைப் பார்த்து வாசிப்பான், இன்னொருவன் கீபேடில் தட்டுவான். “த்ரீ ஈ... ஜீரோ ஃபைவ்... ஜீரோ சிக்ஸ்... ஜீரோ த்ரீ... எய்ட்டி... தர்ட்டி டூ... ஃபிஃப்டி... ஃபார்ட்டி ஒன்... செவன்ட்டி சிக்ஸ்.” ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு நெக்ஸ்ட். சிவப்பில் ஆறு கட்டம் ஒளிரும். இடப்பக்கம் நான்கில் முகவரி, வலப்பக்கம் இரண்டில் அந்த முகவரியில் கிடக்கும் எண். 4100-இல் தொடங்கி 4108 வரை மொத்தம் ஒன்பது பைட். ஓடவிட்டு 4150-ஐத் திறந்து பார்த்தால் 08 என்று நிற்கும். ஐந்தும் மூன்றும் எட்டு. இதைக் கண்டுபிடிக்க ஒரு பிற்பகல்.

முதல் வாரம் எங்களுக்கு எட்டு வரவில்லை. விடை போகவேண்டிய முகவரி 4150 என்பதால், படிக்கிற வாக்கிலேயே ‘ஃபார்ட்டி ஒன், ஃபிஃப்டி’ என்று அடித்துவிட்டோம். கிட்டுக்குள் இருந்த 8085 என்ற ப்ராசசர் முகவரியின் பின்பாதியைத்தான் முதலில் கேட்கும். ஆகவே எங்கள் எட்டு 5041-ஐத் தேடிப் போய்விட்டது. லேப் அசிஸ்டென்ட் வந்தார், எட்டிப் பார்த்தார், “மாத்திப் போடுப்பா” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார். ஏன் மாற்ற வேண்டும் என்று நாங்களும் கேட்கவில்லை.

அதே செமஸ்டரில் கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர் என்றொரு பேப்பரும் இருந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2008 ரெகுலேஷன். ஐந்து யூனிட்: அடிப்படை அமைப்பு, ப்ராசசரின் உள்வேலை, பைப்லைன், மெமரி, இன்புட்-அவுட்புட். பத்து டூ மார்க், ஐந்து சிக்ஸ்டீன் மார்க். லேபில் தட்டுவதும் பேப்பரில் எழுதுவதும் ஒரே சங்கதிதான் என்று யாரும் சொல்லவில்லை. ஐந்து யூனிட்டும் ஒன்றுக்கொன்று உறவில்லாத ஐந்து ஊர்கள் மாதிரி இருந்தன. கட்டம் கட்டமாகப் படம் வரைந்தால் மார்க் விழும். ஆகவே படம் வரைந்தோம்.

இத்தனை வருஷம் கழித்து அந்த ஒன்பது பைட்டை உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். ஒரு கூட்டல் கணக்குக்காக 8085 மெமரி வாசலுக்கு எத்தனை தடவை போய் வந்தது? எழுதப்பட்டிருக்கும் ஒன்பது பைட்டும் மெமரியில்தான் இருக்கின்றன, ஒவ்வொன்றையும் போய் எடுத்துவர வேண்டும். கடைசியில் விடையைக் கொண்டுபோய் வைக்க இன்னொரு நடை. ஆகப் பத்து நடை. இந்த ப்ரோகிராம் முடிய 36 கடிகாரத் துடிப்பு ஆகும். லேப் மொழியில் 36 டி-ஸ்டேட். ஒரு நடைக்கு மூன்று துடிப்பு. பத்து நடைக்கு முப்பது. 36-இல் 30 மெமரிக்கும் ப்ராசசருக்கும் நடுவில் நடந்தே போயிற்று. 3 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 8085-க்கு மொத்தம் 12 மைக்ரோ நொடி. அதில் 10 மைக்ரோ நொடி போக்குவரத்து.

இந்த ஒரு கணக்கை முதல் வகுப்பிலேயே யாராவது கரும்பலகையில் போட்டிருந்தால் அந்த செமஸ்டர் வேறு மாதிரி போயிருக்கும். மெமரியிலிருந்து பொருள் வந்து சேரும்வரை ப்ராசசர் என்ன செய்துகொண்டிருக்கும்? பாடத்திட்டத்தின் ஐந்து யூனிட்டிலும் ஓடுவது இந்த ஒரே கேள்விதான்.

இந்த நடைக்கு விதை போட்டது 1945. அந்த ஆண்டு ஜூனில் ஜான் வான் நாய்மன் பெயரில் ஓர் அறிக்கை சுற்றுக்கு வந்தது, எட்வாக் என்ற கணினியை எப்படிக் கட்டலாம் என்று. அப்போது கட்டிக்கொண்டிருந்த எனியாக்கில் கணக்கை மாற்ற வேண்டுமானால் ஒயர்களைப் பிடுங்கி வேறு இடத்தில் செருக வேண்டும், சுவிட்சுகளைத் திருப்ப வேண்டும், நாள்கணக்கில் ஆகும். கணக்கில் வரும் எண்களை வைக்கிற அதே மெமரியில் கட்டளைகளையும் எண்களாகவே வைத்துவிட்டால் என்ன என்றது அறிக்கை. 1948 ஜூன் 21 அன்று மான்செஸ்டரில் ஒரு சின்ன எந்திரம் அப்படி ஓடியும் காட்டியது. எங்கள் 4100 முதல் 4108 வரை கிடந்ததும் அந்த யோசனைதான்: ‘த்ரீ ஈ’ கட்டளை, ‘ஜீரோ ஃபைவ்’ எண், பார்வைக்கு இரண்டும் ஒன்று.

வசதி பெரிது. விலையும் உண்டு: கட்டளைக்கும் எண்ணுக்கும் ஒரே சாலை. ஜான் பேக்கஸ், கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருதை 1977-ஆம் ஆண்டுக்குப் பெற்றபோது ஆற்றிய உரையில் இதற்குத்தான் ‘வான் நாய்மன் குப்பிக்கழுத்து’ என்று பெயர் வைத்தார். எங்கள் தேர்வில் அது ஒரு டூ மார்க் கேள்வி. இரண்டு வரி எழுதினால் போதும்.

8085 காலத்தில் இது பெரிய வலியாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சாலை குறுகல்தான், ஆனால் போகிற வண்டியும் மெதுவானது. 1980-களின் நடுவிலிருந்து ப்ராசசர்கள் ஆண்டுக்கு ஏறக்குறைய 50 சதவீதம் வேகம் கூட்டிக்கொண்டே போயின. மெயின் மெமரியின் கொள்ளளவு வளர்ந்ததே தவிர, ஒரு பொருளைக் கேட்டால் எடுத்துத் தருகிற வேகம் ஆண்டுக்குப் பத்து சதவீதம்கூட ஏறவில்லை. கூட்டுவட்டி போட்டுப் பாருங்கள். பத்துப் பதினைந்து வருஷத்தில் இரண்டுக்கும் நடுவில் பள்ளத்தாக்கு விழுந்துவிட்டது. வில்லியம் வுல்ஃப், சாலி மக்கீ இருவரும் 1995-இல் எழுதிய ஒரு சின்னக் கட்டுரையில் இதை ‘மெமரிச் சுவர்’ என்றார்கள்.

அந்தச் சுவர் எவ்வளவு உயரம்? நானோ நொடியில் சொன்னால் மனதில் ஒட்டாது. 3 கிகாஹெர்ட்ஸ் ப்ராசசரின் ஒரு துடிப்பை ஒரு நொடி என்று வைத்துக்கொள்வோம். ரெஜிஸ்டரில், அதாவது ப்ராசசருக்குள்ளேயே எண்ணை வைக்கும் இடத்தில், இருப்பது அடுப்புக்கு முன்னால் கையில் இருக்கிற கரண்டி. முதல்நிலை கேஷ், அதாவது ப்ராசசரை ஒட்டியிருக்கும் சின்ன வேக மெமரி, பக்கத்திலிருக்கும் அஞ்சறைப்பெட்டி. திறந்து கடுகை எடுக்க நான்கு நொடி. மெயின் மெமரி தெருமுனை மளிகைக்கடை; போய் வர நான்கு நிமிடம். நல்ல எஸ்எஸ்டி மூன்றரை நாள் பயணம். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் 347 நாள். கடுகு வேண்டுமென்றால் விதைத்து, அறுத்து, கொண்டுவரும்வரை அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

தாளிக்கிறவர் ஒவ்வொரு கடுகுக்கும் கடைக்கு ஓடுவதில்லை. ஒருமுறை போனால் ஒரு பொட்டலமாக வாங்குவார், அதில் கொஞ்சத்தை அஞ்சறைப்பெட்டியில் கொட்டுவார். இன்று தாளித்தவர் நாளையும் தாளிப்பார். கடுகு எடுத்தவர் அடுத்து உளுந்து எடுப்பார். கேஷ் முழுக்க முழுக்க இந்தப் பழக்கத்தை நம்பித்தான் நிற்கிறது. கேம்பிரிட்ஜின் மாரிஸ் வில்க்ஸ் 1965-இல் இதை எழுதியபோது ‘அடிமை மெமரி’ என்று பெயர் கொடுத்தார். விற்பனைக்கு வந்த எந்திரங்களில் ஐபிஎம் 360 வரிசையின் மாடல் 85 இதை முதலில் சுமந்தது. (விடைத்தாளில் இதைக் காசு, பணம் என்ற பொருள் வரும் ஸ்பெல்லிங்கில் எழுதுகிறவர்கள் எல்லா பேட்ச்சிலும் உண்டு. எங்கள் பேட்ச்சில் நானும் ஒருவன்.)

சிக்ஸ்டீன் மார்க்குக்கு இதில் கேட்பது மேப்பிங்: டைரக்ட், அசோசியேட்டிவ், செட் அசோசியேட்டிவ். மூன்று படம். அஞ்சறைப்பெட்டியில் எந்தப் பொருள் எந்தக் கிண்ணத்துக்கு என்கிற விவகாரம்தான் இது, நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் படங்களைவிட ஒரு சின்னக் கணக்கு அதிகம் பேசும். நூறு தடவை மெமரியைக் கேட்கிறோம். 98 தடவை கேஷிலேயே கிடைத்துவிட்டது, இரண்டு தடவை மட்டும் கடைக்குப் போக வேண்டியிருந்தது. எந்தத் தேர்விலும் 98 என்றால் தங்கப் பதக்கம். இங்கே? 98 தடவைக்கு நான்கு நான்காக 392 நொடி. இரண்டு தடவைக்கு 240 வீதம் 480 நொடி. தவறிய இரண்டு, தவறாத 98-ஐ விட அதிக நேரத்தைத் தின்றுவிட்டது. கேஷில் ஹிட் ரேட் 98-இலிருந்து 99 ஆவது ஏன் பெரிய விஷயம் என்று இந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது, அதுவும் வேலைக்குச் சேர்ந்த பிறகு.

அக்கா மகள் இப்போது கம்ப்யூட்டர் சயன்ஸ் இரண்டாம் ஆண்டு. அவளுடைய 2021 ரெகுலேஷனில் இந்தப் பேப்பர் டிஜிட்டல் சர்க்யூட்டோடு சேர்ந்து ஒரே பேப்பராகிவிட்டது. ஐந்தில் முதல் இரண்டு யூனிட் லாஜிக் கேட், ஃப்ளிப்-ஃப்ளாப் மாதிரியான டிஜிட்டல் சர்க்யூட் சங்கதிகள்; மிச்சம் மூன்றுக்குள் ப்ராசசர், மெமரி, இன்புட்-அவுட்புட் எல்லாம் அடங்க வேண்டும். போன தீபாவளி விடுமுறையில் வந்திருந்தபோது மெமரி யூனிட்டைக் காட்டி, “மாமா, இதைப் புரிஞ்சு படிக்கவா, மனப்பாடமா?” என்றாள். லேப்டாப்பைத் திறக்கச் சொன்னேன்.

சி மொழியில் பத்து வரி ப்ரோகிராம். பத்தாயிரம் நிரை, பத்தாயிரம் நிரல் கொண்ட ஓர் அணி. பத்தாம் வகுப்புக் கணக்கில் வருமே, அதேதான். மொத்தம் 10 கோடி எண்கள், ஏறக்குறைய 400 எம்பி. எல்லாவற்றையும் ஒன்று என்று நிரப்பிவிட்டு, கூட்ட வேண்டும். முதலில் நிரை நிரையாக. பிறகு இரண்டு ஃபார் வரிகளையும் மேலே கீழே மாற்றிப்போட்டு, நிரல் நிரலாக. கூட்டல் எண்ணிக்கை ஒன்றுதான், விடையும் ஒன்றுதான். ப்ரோகிராமை எந்திரக் கட்டளைகளாக மாற்றும் கம்பைலரிடம் ‘உன் புத்திசாலித்தனத்தைக் காட்டாதே, எழுதியதை எழுதியபடி செய்’ என்று ஆப்டிமைசேஷனை அணைத்து வைத்தோம். நிரை வழியில் கால் நொடிக்குச் சற்று மேல். நிரல் வழியில் ஒன்றரை நொடிக்குப் பக்கம்.

அவள் நேரத்தை அளந்த வரிகளைத்தான் முதலில் சந்தேகப்பட்டாள். மறுபடி ஓட்டினாள். அதே.

ப்ராசசர் மெமரியிலிருந்து ஒரு எண்ணைக் கேட்டால் ஒன்று மட்டும் வராது. 64 பைட் கொண்ட ஒரு பொட்டலமே வரும். நான்கு பைட் எண்கள் பதினாறு அதில் அடக்கம். சி மொழி அணியை நிரை நிரையாகத்தான் அடுக்கி வைக்கிறது. நிரை வழியே போனால் ஒரு நடைக்குப் பதினாறு எண் கைக்கு வரும். போதாததற்கு, நீங்கள் நேர்கோட்டில் போவதைக் கவனித்துவிட்டு ப்ராசசரே அடுத்த பொட்டலத்தை முன்கூட்டி வரவழைத்துவிடும். நிரல் வழியே போனால் அடுத்த எண் 40,000 பைட் தள்ளி. பொட்டலத்தைப் பிரித்து ஒன்றை எடுத்துக்கொண்டு பதினைந்தை வைத்துவிட்டுப் போகிறோம். ஒரு நிரலை முடித்துவிட்டு அடுத்த நிரலுக்குத் திரும்பி வரும்போது, அந்தப் பதினைந்தும் இன்னும் இருக்குமா? பத்தாயிரம் பொட்டலம், ஒவ்வொன்றும் 64 பைட், 640 கேபி. முதல்நிலை கேஷ் பெரும்பாலும் 32 அல்லது 48 கேபி. எப்போதோ வழித்து வெளியே போட்டிருக்கும்.

இதோடு முடியவில்லை. மெமரியை 4 கேபி பக்கங்களாகப் பிரித்து ஆபரேட்டிங் சிஸ்டம் கணக்கு வைத்திருக்கிறது. ப்ரோகிராம் சொல்லும் முகவரி வேறு, சிப்பில் உள்ள உண்மையான முகவரி வேறு. இந்த மொழிபெயர்ப்பையும் ஒவ்வொரு தடவையும் அட்டவணையில் போய்ப் பார்த்தால் கட்டாது என்று, சமீபத்தில் பார்த்தவற்றை டிஎல்பி என்ற சின்னக் குறிப்பேட்டில் ப்ராசசர் எழுதி வைத்துக்கொள்கிறது. 40,000 பைட் தாவினால் ஒவ்வொரு அடியும் புதுப் பக்கம். குறிப்பேடும் கைவிடுகிறது. ‘வர்ச்சுவல் மெமரி’ என்று யூனிட்டின் கடைசியில், ஆசிரியர்கள் போர்ஷன் முடிக்க ஓடுகிற ஓட்டத்தில் போகிற தலைப்பு, அந்த ஒன்றரை நொடிக்குள் உட்கார்ந்திருந்தது.

பைப்லைனுக்கு வருவோம். பாடத்தில் இதற்கு ஃபேக்டரி உதாரணம் சொல்வார்கள். கல்யாணப் பந்தியைப் பார்த்தவர்களுக்கு அது தேவையே இல்லை. இருபது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரே ஆள் ஓர் இலையைப் போட்டு, உப்பு ஊறுகாய் வைத்து, பொரியல் கூட்டு வைத்து, சோறு போட்டு, சாம்பார் ஊற்றிவிட்டுத்தான் அடுத்த இலைக்குப் போவார் என்றால், வேலைக்கு ஒரு நிமிடம் வைத்தாலும் நூறு நிமிடம். கடைசி ஆள் எழுந்து மொய் எழுதாமலே போய்விடுவார். ஐந்து பேர் ஒருவர் பின் ஒருவராக நகர்ந்தால் 24 நிமிடம். கடைசி இலையில் சாம்பார் விழுவது அப்போதுதான்: இருபதுடன் ஐந்தைக் கூட்டி ஒன்றைக் கழிக்க வேண்டும். தேர்வுச் சூத்திரம் இதுவேதான். தனி ஓர் இலைக்கு ஐந்து நிமிடம் என்பது மாறவில்லை. நிமிடத்துக்கு ஓர் இலை முடிகிறது, அவ்வளவே. பாடப்புத்தகத்தில் வரும் ஐந்து கட்டமும், கட்டளையை எடு, பிரித்துப் படி, கணக்கைச் செய், மெமரியைத் தொடு, விடையை ரெஜிஸ்டரில் எழுது, என்று இப்படியே நகர்கின்றன.

சோற்று வாளி அடுக்களையிலிருந்து வராவிட்டால்? சாம்பார்க்காரர் தூக்கோடு நிற்பார், அவருக்குப் பின்னால் வருகிறவரும் நிற்பார். இது டேட்டா ஹஜார்ட். பொரியலுக்கும் கூட்டுக்கும் ஒரே கரண்டி என்றால் ஸ்ட்ரக்சுரல் ஹஜார்ட். மூன்றாவதுதான் வில்லங்கம். உட்கார்ந்திருப்பவருக்குச் சோறா, சப்பாத்தியா? கேட்டு, அவர் யோசித்துச் சொல்லும்வரை நின்றால் வரிசையே நிற்கும். ப்ரோகிராமில் ‘இப்படி இருந்தால் இங்கே போ, இல்லாவிட்டால் அங்கே போ’ என்கிற கட்டளைகள் ஐந்தாறுக்கு ஒன்று வந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் நின்றுகொண்டிருக்க முடியாது என்று ப்ராசசர் ஊகித்துப் பரிமாறிவிடுகிறது. ஊகம் சரியென்றால் லாபம். தப்பென்றால் பரிமாறியதை எல்லாம் எடுத்துவிட்டுப் புது இலை போட வேண்டும்.

பரிமாறுகிறவர்களை நிறையப் பேராக்கி, ஆளுக்குக் கொஞ்சம் வேலை என்று பிரித்தால் ஒவ்வொருவரும் வேகமாக நகரலாம். கடிகார வேகம் ஏறும். இன்டெல் இதில் ரொம்ப தூரம் போனது. 2004-இல் வந்த பென்டியம் 4-இன் பிரெஸ்காட் வடிவத்தில் 31 கட்டங்கள். ஊகம் தப்பினால் அத்தனையும் வீண். கூடவே சூடு. அந்த வழியில் அடுத்து வரவிருந்த சிப்பை அதே ஆண்டு மே மாதம் இன்டெல் கைவிட்டு, ஒரே சிப்பில் இரண்டு கோர், அதாவது இரண்டு ப்ராசசர், என்று திரும்பியது. கடைகளில் கிகாஹெர்ட்ஸ் எண்ணைப் பார்த்து கம்ப்யூட்டர் வாங்குகிற வழக்கம் அதோடு மங்கியது. எங்கள் பேப்பரில் இந்தத் திருப்பம் ஒரு வரியும் இல்லை, இத்தனைக்கும் நாங்கள் அதற்குப் பிறகு படித்தவர்கள்.

இத்தனை ஊகமும் முன்கூட்டிய வரவழைப்பும் உள்ளே நடக்கும்போது, எழுதிய ப்ரோகிராம் எப்படிக் குழம்பாமல் ஓடுகிறது? இந்த இடத்தில்தான் ‘ஆர்க்கிடெக்சர்’ என்ற சொல்லுக்கே வேலை வருகிறது. 1964 ஏப்ரல் 7 அன்று ஐபிஎம் தன் சிஸ்டம்/360 வரிசையை அறிவித்தது: சின்னது முதல் பெரியது வரை பல மாடல்கள், எல்லாவற்றிலும் ஒரே ப்ரோகிராம் ஓடும். உள்ளே ஒவ்வொன்றும் வேறு மாதிரிக் கட்டப்பட்டது. ஜீன் ஆம்டால், கெரிட் பிளாவ், ஃபிரெட் புரூக்ஸ் மூவரும் அதே ஆண்டு எழுதிய கட்டுரையில், ப்ரோகிராம் எழுதுகிறவருக்கு வெளியே தெரிகிற குணங்களுக்கு மட்டும் ஆர்க்கிடெக்சர் என்று பெயர் வைத்தார்கள். கட்டளைகள் எவை, ரெஜிஸ்டர்கள் எத்தனை, ஒவ்வொரு கட்டளையும் என்ன விடை தரும். கட்டளைத் தொகுப்பு ஓர் ஒப்பந்தப் பத்திரம். மாடல் எதுவானாலும் விடை இதுதான் என்று அது கையெழுத்துப் போடுகிறது. விடை எப்போது வரும் என்று ஒரு வார்த்தையும் சொல்லாது. நேரத்தைப் பத்திரத்துக்கு வெளியே விட்டதால்தான் பின்னால் வந்தவர்கள் கேஷையும் பைப்லைனையும் ஊகத்தையும் திரைக்குப் பின்னே வைத்துத் தைக்க முடிந்தது.

1980-களின் தொடக்கத்தில் பெர்க்லியில் டேவிட் பேட்டர்சனும் ஸ்டான்ஃபோர்டில் ஜான் ஹென்னஸியும் தனித்தனியாகச் செய்தது இந்தப் பத்திரத்தைச் சுருக்கி எழுதும் வேலை. அதற்கு முன்பே ஐபிஎம்மில் ஜான் காக் அதே திக்கில் போயிருந்தார். ரிஸ்க் (RISC, சுருக்கிய கட்டளைத் தொகுப்பு) என்று நாம் மனப்பாடம் செய்யும் பட்டியலில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்றுதான்: மெமரியைத் தொட இரண்டே வகைக் கட்டளை, எடுப்பதற்கு லோட், வைப்பதற்கு ஸ்டோர். கூட்டல், கழித்தல் எல்லாம் ரெஜிஸ்டருக்குள்ளேயே. கடைக்குப் போகிற நடை எது, அடுப்படி வேலை எது என்று கட்டளையிலேயே பிரித்து எழுதிவிட்டார்கள். பேட்டர்சனுக்கும் ஹென்னஸிக்கும் 2017-ஆம் ஆண்டின் டூரிங் விருது இதற்காகக் கிடைத்தது. இருவரும் சேர்ந்து எழுதிய பாடநூலே உலகெங்கும் பல வகுப்பறைகளில் இந்தப் பேப்பருக்கு வைக்கப்படுகிறது.

பெர்க்லியில் 2010-இல் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ், யாரும் உரிமத்தொகை கட்டாமல் எடுத்து சிப் செய்துகொள்ளக்கூடிய திறந்த பத்திரம். சென்னை ஐஐடியில் வி. காமகோடி தலைமையில் உருவான சக்தி ப்ராசசர்கள் அதை வைத்துக் கட்டியவைதான். 2018-இல் அதில் ஒன்று சண்டிகரை ஒட்டிய மொஹாலியில் உள்ள அரசு செமிகண்டக்டர் ஆலையில் 180 நானோமீட்டரில் அச்சாகி வந்தது. உலகத்தின் முன்னணி சிப்புகளுக்குப் பக்கத்தில் 180 நானோமீட்டர் பழைய காலம்தான். ஆனால் கிண்டியில் ஒரு ப்ராசசரை வரைந்து, இந்தியாவிலேயே அச்சடித்து, அதில் ப்ரோகிராம் ஓட்டுகிறார்கள் என்றால், அதே ஊரில் அந்தப் பேப்பரைப் படிக்கும் பிள்ளைகளுக்கு அதை ஒரு மணிநேரம் சொல்லலாமே என்றுதான் எனக்கு ஆதங்கம்.

மறுபடி பந்திக்கு. சப்பாத்தி என்று ஊகித்துப் பரிமாறி, தப்பென்று தெரிந்து இலையை எடுத்துவிட்டார்கள். சாப்பிட்டவருக்கு எதுவும் தெரியாது. ஆனால் சப்பாத்திக்கூடை அடுக்களையிலிருந்து கூடத்துக்கு வந்துவிட்டதே, அது அங்கேயே இருக்கிறது. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருக்கும் ஒருவர் “எனக்குச் சப்பாத்தி” என்று கேட்டு, எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்று கையில் கடிகாரத்தோடு பார்த்தால்? சட்டென வந்தால், யாருக்கோ சற்றுமுன் சப்பாத்தி எடுத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிடலாம். 2018 ஜனவரியில் வெளியான ஸ்பெக்டர், மெல்ட்டவுன் கோளாறுகளின் சாரம் இது. ப்ராசசர் தப்பாக ஊகித்துச் செய்த வேலையின் விடையைத் துடைத்துவிடுகிறது. அந்த வேலைக்காகக் கேஷுக்குள் வந்த பொட்டலம் துடைக்கப்படுவதில்லை. எந்தப் பொட்டலம் உள்ளே இருக்கிறது என்பதை, எடுக்க ஆகும் நேரத்தை அளந்தே கண்டுபிடிக்கலாம். அதை வைத்து, தனக்கு அனுமதியில்லாத மெமரியில் என்ன இருக்கிறது என்று பைட் பைட்டாகப் படித்துவிடலாம்.

எந்தக் கட்டளையும் தப்பான விடை தரவில்லை. 1964-இலிருந்து வந்த பத்திரத்தில் நேரத்தைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. ஓட்டை அங்கேதான் இருந்தது. பைப்லைன் மூன்றாம் யூனிட், கேஷ் நான்காம் யூனிட் என்று தனித்தனியாகப் படித்தவர்களுக்கு இந்தச் செய்தி வந்த அன்று தலைகால் புரியவில்லை. எனக்கும்தான். அலுவலகத்தில் சர்வர்களுக்கெல்லாம் பேட்ச் போட்டு, ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் மெதுவாகிறது என்று அளந்துகொண்டிருந்த அந்த வாரத்தில்தான் செமஸ்டர் நோட்டைத் தேடினேன். அம்மா எப்போதோ பழைய பேப்பர்காரரிடம் போட்டிருந்தார்.

இன்புட்-அவுட்புட் யூனிட்டைச் சீக்கிரம் கடந்துவிடலாம், ஏனென்றால் காத்திருப்பைப் பற்றி வெளிப்படையாகப் பேசும் ஒரே யூனிட் அதுதான். பால் பொங்கிவிட்டதா என்று அடுப்படியிலேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பது போலிங். விசில் வந்ததும் ஓடிப்போய் அணைப்பது இன்டரப்ட். டிஎம்ஏ என்பது வேறு ஒருவரிடம் அந்த வேலையை ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் சொல் என்பது.

இன்றைய செயற்கை நுண்ணறிவுச் சிப்புகளும் இதே கதையின் அடுத்த அத்தியாயம். ஜிபியு என்பது ஒரே சமயத்தில் ஏராளமான கணக்குகளைப் போடும் சிப்; அது காத்திருப்பைக் குறைக்கப் பெரிதாக முயல்வதில்லை. ஆயிரக்கணக்கான த்ரெட்களை, அதாவது தனித்தனி வேலை இழைகளை, வைத்துக்கொண்டு, ஒன்று மெமரிக்காக நின்றால் வேறொன்றை ஓடவிடுகிறது. பெரிய மொழி மாதிரிகள் ஒவ்வொரு சொல்லாகப் பதில் எழுதும்போது, மாதிரியின் கோடிக்கணக்கான எண்களை ஒவ்வொரு சொல்லுக்கும் மெமரியிலிருந்து இழுத்து வர வேண்டியிருக்கிறது. கூட்டல் பெருக்கலைவிட இழுப்பதற்குத்தான் நேரம். அதனால்தான் அந்தச் சிப்புகளின் விளம்பரத்தில் எத்தனை கணக்கு செய்யும் என்பதோடு, எச்பிஎம் என்கிற அதிவேக மெமரி எத்தனை, நொடிக்கு எவ்வளவு தரும் என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். எங்கள் 36-இல் 30, ஐம்பது வருஷத்துக்குப் பிறகும் விட்டபாடில்லை.

இதை எப்படிப் படிப்பது என்று அக்கா மகள் கேட்ட கேள்விக்கு நான் சொன்னது இரண்டுதான். ரைப்ஸ் என்று ஓர் இலவச சிமுலேட்டர் இருக்கிறது. ரிஸ்க்-ஃபைவ் கட்டளைகளை எழுதி ஓடவிட்டால், ஒவ்வொரு துடிப்பிலும் எந்தக் கட்டளை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று படமாகவே காட்டும். புத்தகத்தில் வரும் ஹஜார்ட் படத்தை மனப்பாடம் செய்யும் நேரத்தில், லோட் கட்டளைக்கு அடுத்த வரியிலேயே அந்த ரெஜிஸ்டரைப் பயன்படுத்திப் பார்த்தால், நடுவில் ஒரு வெற்றுக் குமிழி விழுவது கண்ணுக்கே தெரியும். இரண்டாவது, எந்த சூத்திரம் வந்தாலும் எண் போட்டு ஒரு தடவை கணக்குப் பார்ப்பது. ப்ரோகிராம் ஓடும் நேரம் என்பது கட்டளை எண்ணிக்கை, ஒரு கட்டளைக்கு ஆகும் சராசரித் துடிப்பு, ஒரு துடிப்பின் நீளம் ஆகிய மூன்றின் பெருக்கல். அந்த நடு எண்ணைத்தான் கவனிக்க வேண்டும். அது ஒரு ப்ரோகிராமுக்கு ஒன்றுக்கும் கீழே இருக்கும், இன்னொன்றுக்கு ஐந்து ஆறு என்று ஏறிக் கிடக்கும். ஏன் என்று தேடிப் போனால் ஐந்து யூனிட்டும் வழியில் வந்துவிடும்.

அன்று சாப்பிட்ட பிறகும் அவள் அந்த அணி ப்ரோகிராமை விடவில்லை. நிரல் வழியில் நூறு தடவை ஓடும்படி மாற்றி ஓடவிட்டு, பக்கத்து ஜன்னலில், ப்ராசசர் எவ்வளவு வேலையாக இருக்கிறது என்று காட்டும் டாப் கமாண்டைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிட்டாள்.

“மாமா, மெமரிக்காக சும்மா நிக்குதுன்னு சொன்னீங்க. இங்க பாருங்க, சிபியு நூறு பெர்சன்ட் காட்டுது. எது நிஜம்?”

ரெண்டும்தான் என்றேன். பொருள் வராமல் நிற்கிற துடிப்பையும் ஆபரேட்டிங் சிஸ்டம் வேலை செய்கிற துடிப்பாகத்தான் எழுதும்; அந்த ப்ரோகிராமுக்கு ப்ராசசரை ஒதுக்கியாயிற்று, அதற்குள் அது கணக்குப் போடுகிறதா, வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறதா என்று ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குத் தெரியாது. அவள் கொஞ்ச நேரம் அந்த நூறையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு லினக்ஸில் பெர்ஃப் என்ற கருவியை நிறுவிக்கொண்டு, ஒரு துடிப்புக்கு எத்தனை கட்டளை முடிகிறது என்ற எண்ணைத் தேட ஆரம்பித்தாள். ஒன்றுக்கு ரொம்பக் கீழே இருந்தது. அதை நோட்டில் எழுதிக்கொண்டாள், இரண்டு ஃபார் வரிகளையும் பழையபடி மாற்றிவிட்டு மறுபடி ஓட்டினாள்.